எலும்புப் பக்கம்

கண்ணாடித் தட்டின் ஒரு பாதியில் கல்லீரலில் இருக்கும் புரதத்தையும், மறுபாதியில் எலும்பில் இருக்கும் புரதத்தையும் பூசியிருந்தாள் தமயந்தி. நடுவில் விட்டது, அவள் தம்பியின் நுரையீரலிலிருந்து போன மாதம் அறுத்தெடுத்த புற்றுநோய்க் கட்டியின் செல்களை. நுண்ணோக்கியில் குனிந்தாள். ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய காலை நீட்டி இந்தப் பக்கம் தடவிப் பார்த்தது, இழுத்துக்கொண்டது, அந்தப் பக்கம் தடவியது. தரை என்ன சொன்னதோ, மதியத்துக்குள் எல்லாமே எலும்புப் பக்கம் ஊர ஆரம்பித்துவிட்டன.

தமயந்தி தட்டைக் கையிலெடுத்துச் சுற்றினாள், கண்ணைக் கட்டிய பிள்ளையைத் திசை தெரியாமல் சுற்றிவிடுவதுபோல. திரும்ப வைத்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி குனிந்தாள். ஒன்றுகூட வழி தவறவில்லை.

கைபேசி அதிர்ந்தது. தம்பி இளங்கீரன்தான்.

“அக்கா, நெஞ்சு ஸ்கேன் கிளியரா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு!”

“அப்படியாடா? ரொம்ப சந்தோஷம்.”

“இனிமே நீ நிம்மதியா தூங்கு. எனக்குத்தான் பஸ்ல உட்கார்ந்தே வந்ததுல இடுப்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஏதாவது தைலம் இருந்தா சொல்லேன்.”

தமயந்தியின் கை தட்டை மறுபடியும் சுற்றத் தொடங்கியிருந்தது.