சமையலறைக் காட்சி

கழுத்தைப் பிடித்த கை, ஒத்திகையில் பிடித்த கை அல்ல.

அவளுக்கு முதலில் அதுதான் தெரிந்தது. பிறகு மூச்சு நின்றது.

ஒத்திகையில் அவன் விரல்கள் பட்டும் படாமலும் இருந்தன. இப்போது இறுகின. பின்மண்டை தரையில் மோதியது. மறுபடி மோதியது. கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

நிறுத்தச் சொன்னாள். குரல் வரவில்லை. அவன் மணிக்கட்டைப் பிறாண்டினாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

கைகள் இரண்டும் பக்கவாட்டில் விழுந்த பிறகுதான் இயக்குநர் கட் சொன்னார்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

இது நடந்தது பாரிஸில். மதலேன் அருளப்பன் புதுச்சேரியில் பிறந்தவள், பிரான்ஸில் வளர்ந்தவள். அதுதான் அவளுக்கு முதல் படம்.

அவள் கெஞ்சினாலும் நிறுத்தாதே என்று இயக்குநர் தன் காதில் சொன்னதாகச் சொல்லி, அந்த நடிகன் பிற்பாடு அவளிடம் அழுதான்.

படம் ஓடியது. அவள் முகத்தில் இருந்த பயத்தைப் பத்திரிகைகள் கொண்டாடின. விருது வந்தது. அதன் பிறகு அவளை எல்லோரும் அடிபடுவதற்கே கூப்பிட்டார்கள். கத்தியால் குத்தினார்கள். ஆற்றில் அமுக்கினார்கள். ஓடும் காரிலிருந்து தள்ளினார்கள். எல்லாம் நடிப்பு. ஒன்றுகூட அந்த முதல் காட்சிபோல் வரவில்லை.

நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், அது நடிப்பே அல்ல என்றாகிவிடும்; அவளுக்கு நடிக்கத் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

இருபது வருடம் கழித்து அவளே ஒரு படம் இயக்கினாள். புதுச்சேரியில், தமிழில்.

சமையலறையில் கணவன் மனைவியை அடிக்கும் காட்சி. மனைவியாக இளவேனில், சென்னை நாடகக்காரி. கணவனாக கிருபாகரன். சாதுவான மனிதன். ஒவ்வொரு முறை அறைந்த பிறகும் அவளிடம் வலிக்குதா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

காலையிலிருந்து எடுத்தார்கள். அடி சரியாக விழுந்தது. அலறல் சரியாக வந்தது.

மதலேனுக்கு எதுவும் பிடிக்கவில்லை.

கிருபாகரனைத் தனியே அழைத்தாள். அடுத்த தடவை நிஜமாக அடிக்கச் சொன்னாள். தான் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது என்றாள்.

அவன் இளவேனில் இருந்த பக்கம் பார்த்தான்.

"இளவேனிலுக்குத் தெரியுமா, மேடம்?"

தெரியும் என்று மதலேன் தலையசைத்தாள்.

கேமரா ஓடியது.

கிருபாகரன் இளவேனிலின் கூந்தலைப் பிடித்து இழுத்தான். தலையைச் சுவரில் மோதினான். புருவத்துக்கு மேலே பிளந்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவள் ஒரு கணம் விளங்காமல் பார்த்தாள். அடுத்து விழுந்த அறையில் உதடு கிழிந்தது. கதையில் இருந்த பெயரை விட்டுவிட்டு, கிருபா, விடு என்றாள்.

அவன் கை தயங்கியது. திரும்பி மதலேனைப் பார்த்தான்.

மதலேன் கட் சொல்லவில்லை.

அவன் மறுபடி அவள் தலையைச் சுவரில் மோதினான்.

மதலேன் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். இனி அந்தப் பெண்ணின் கைகள் சோர்ந்து விழும் என்று காத்திருந்தாள். அந்த இடத்தில் ஒருத்தியால் வேறெதுவும் செய்ய முடியாது என்றுதான் இத்தனை காலமும் நம்பியிருந்தாள்.

இளவேனிலின் கை அடுப்புக்குப் போனது. தோசைக்கல்லின் காதைப் பிடித்தது. இரும்புக் கல்.

ஓங்கி அடித்தாள்.

கிருபாகரன் காதைப் பொத்திக்கொண்டு சரிந்தான். விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்தது. கல் மறுபடி அவன் தலைக்கு மேலே எழுந்தது.

"உனக்குத் தெரியும்னு சொன்னாங்க," என்றான்.

கல் அப்படியே நின்றது.

ஒருவரும் அசையவில்லை. இளவேனில் திரும்பினாள். கல்லோடு நடந்து வந்தாள். அவள் வருவதைப் பார்த்தபடி மதலேன் உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஓடத் தோன்றவில்லை. அடிக்கட்டும் என்றே இருந்தது.

இளவேனில் கல்லை அவள் காலடியில் வைத்தாள்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே, மேடம். சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

பிறகு திரும்பிப் போய், தன் முந்தானையைச் சுருட்டிக் கிருபாகரனின் காதில் வைத்து அழுத்தினாள். அவனைத் தூக்கி நிறுத்தினாள். ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

அவர்கள் ஏறிய ஆட்டோவின் பின்னாலேயே மதலேனும் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் ஒரு பெண். கிருபாகரனின் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் இனிக் கேட்பது சந்தேகம்தான் என்றார். யார் அடித்தது என்று கேட்டார்.

வழுக்கி விழுந்ததாக அவன் சொன்னான்.

டாக்டர் இளவேனிலின் புருவத்தைப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். நீங்களும் வழுக்கித்தான் விழுந்தீர்களா என்றார்.

கிருபாகரன் தலைகுனிந்துகொண்டான்.

டாக்டர் வாசலைப் பார்த்தார். அங்கே மதலேன் நின்றுகொண்டிருந்தாள். இவர்களுக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று கேட்டார்.

மதலேன் உள்ளே வந்தாள்.

"ரெண்டு பேரையும் நான்தான் அடிச்சேன்."

டாக்டர் அவள் கைகளைப் பார்த்தார்.

அவற்றில் ஒரு கீறல்கூட இல்லை.