ஊமைக்கோட்டானின் எண்கள்

பதினோரு நாள் கழித்து அந்தப் பக்கம் அசைந்தது.

கையில் இருந்த தேநீர்க் கோப்பையை எங்கே வைத்தாள் என்று அம்மாவுக்கே தெரியாது. கைபேசியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தாள். 'கடைசியாக ஆடியது: நான்கு நிமிடங்களுக்கு முன்.'

அப்பாடா, பிள்ளை உயிரோடுதான் இருக்கிறான்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனவன். இருபத்திரண்டு வயது. போன் அணைந்தே கிடக்கிறது. கூட்டாளிகள் கையை விரித்துவிட்டார்கள். காவல் நிலையத்தில், வயசுப் பிள்ளை, கோபம் தணிந்தால் தானே வருவான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்கு மிச்சம் இருந்தது இந்த ஒரு பக்கம்தான். இணையத்தில் அந்தத் துப்பாக்கி ஆட்டத்தை ஆடுகிற ஒவ்வொருவனும் எத்தனை பேரை வீழ்த்தினான், எத்தனை தடவை செத்தான் என்று விடாமல் எழுதிவைக்கும் பக்கம். அதில் அவன் பெயர் 'ஊமைக்கோட்டான்'. அவனை அவள் திட்டுகிற வார்த்தை. கழுதை, அதையே பெயராக வைத்துக்கொண்டிருந்தான்.

அதைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு அதெல்லாம் ஜுஜுபி. ஒரு சாவுக்கு நான்கு பேர். மூன்று வருஷமாக அந்த விகிதத்தை அவன் நான்குக்குக் கீழே இறங்கவிட்டதில்லை. 'செத்தது' என்ற தலைப்பு மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது.

புதிய ஆட்டத்தைப் பார்த்தாள். வீழ்த்தியது பூஜ்ஜியம். செத்தது பதினான்கு.

பக்கத்தை விரலால் இழுத்துப் புதுப்பித்தாள்.

காத்திருந்தாள். அடுத்த ஆட்டம் வந்தது. பூஜ்ஜியம், பதினேழு. அதற்கடுத்தது. ஒன்று, பத்தொன்பது. விகிதம் நான்குக்குக் கீழே வந்துவிட்டது.

ஒரு ரிப்போர்ட்டில் எண் இப்படி விழுந்தால் அவள் டாக்டரைத் தேடி ஓடுவாள். காய்ச்சலாக இருக்குமோ? கையில் அடி பட்டிருக்குமோ? சாப்பிட்டானா இல்லையா? இல்லை, அவன் கணக்கை வேறு யாராவது... அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்!"

மனுஷன் காலையிலிருந்து பையனின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த நம்பர் எல்லாம் சோறு போடுமா என்று அன்றைக்கு வாயை விட்டவர் அவர்தான். பிள்ளை போன பிறகு அந்த வாயும் அடைத்துப்போயிற்று.

கதவைத் தள்ளினாள்.

பையனின் நாற்காலியில் அவர். காதில் பையனின் ஹெட்போன். மூக்குக்கண்ணாடி நுனிக்கு வந்திருக்க, பையன் விட்டுப்போன லேப்டாப்பை ஒற்றை விரலால் குத்திக்கொண்டிருந்தார். திரையில் ஒரு சிப்பாய் சுவரைப் பார்த்தபடி நின்றான். முதுகில் சுடுபட்டு விழுந்தான். அவன் தலைக்கு மேலே பெயர்: ஊமைக்கோட்டான்.

அப்படியென்றால் ஆடியது பிள்ளை இல்லை. சற்றுமுன் வந்த உயிர் திரும்பவும் போயிற்று.

"பாவி மனுஷா, என்ன காரியம் பண்றீங்க!" ஹெட்போனைப் பிடுங்கினாள்.

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு இதுல சாகத்தானே தெரியும். அவன் கட்டிக்காத்த நம்பரைக் கெடுத்துக்கிட்டிருக்கேன். எங்க இருந்தாலும் அதைப் பாக்காம இருப்பானா? என்னைத் திட்டவாவது வரட்டும்."

ஹெட்போனைத் திருப்பி அவர் தலையில் அவளே மாட்டிவிட்டாள்.

சிப்பாய் எழுந்தான். மறுபடி சுவரில் முட்டினான், செத்தான். இந்த ஆட்டத்தில் பதினைந்து. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பதினாறு.

திரை அப்படியே நின்றது.

'இந்தக் கணக்கு வேறொரு கருவியில் திறக்கப்பட்டுள்ளது.'

அவர் பதறிப்போய் உள்ளே நுழையப் பார்த்தார். 'கடவுச்சொல் சற்றுமுன் மாற்றப்பட்டது.' மறுபடி தட்டினார். அதே பதில். மூன்றாம் தடவையும் தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அவள் கைபேசியைப் பார்த்தபடி நின்றாள். அழைப்பு எதுவும் வரவில்லை. பத்து நிமிடம் கழித்து அந்தப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது.

வீழ்த்தியது முப்பத்தொன்று.

செத்தது பூஜ்ஜியம்.