பிரெசென்தே

"தமிழ்நிலா, கேமராவை ஆன் பண்ணு. இல்லேன்னா இன்னையோட உன் பேரை எடுத்துருவேன்."

ரூபி மேடம் இதைத் தமிழிலேயே சொன்னார். ஸ்பானிஷ் ஆரம்ப வகுப்பில் ஒரு வார்த்தைகூடத் தமிழ் பேசக்கூடாது என்று விதி போட்டவரே அவர்தான். கோபம் வந்தால் அவருக்கே அது ஞாபகம் இருப்பதில்லை.

விதிகளுக்குக் குறைச்சலே கிடையாது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர். அங்கே உட்கார்ந்தபடி அவர் ஆன்லைனில் பாடம் எடுப்பார். பெயரைக் கூப்பிட்டதும் 'பிரெசென்தே', அதாவது 'வந்திருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். கேமரா அணைந்திருந்தால் வந்ததாகக் கணக்கில்லை. மூன்று வகுப்பு வராவிட்டால் பெயர் போய்விடும். ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் உட்கார்ந்தால் அன்றே வெளியே.

இந்தக் கடைசி விதி போன பேட்ச்சில் வந்தது. பாண்டியராஜ் என்று ஒரு மகராசன், தன் சித்தப்பா மகனை உட்கார வைத்தே சான்றிதழ் வாங்கிவிட்டான். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு வார்த்தை பேச வராமல் திருதிருவென முழித்தான். அந்தக் கம்பெனிக்காரர்கள் ரூபியைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்கள். அது இன்னும் அவருக்கு ஆறவில்லை.

தமிழ்நிலா அந்த ரகமில்லை என்றுதான் நினைத்திருந்தார். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், பி.காம். முடித்தவள். ஸ்பானிஷ் தெரிந்தால் மதுரையில் நல்ல வேலை கிடைக்கும் என்று வந்து சேர்ந்தாள். முதல் நாள் விதிகளைப் படித்துச் சொன்னபோதே, "எம்பேர்லயே தமிழ் இருக்கே மேடம், என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ரூபியும் சிரித்துவிட்டு, அந்த ஒரு தமிழுக்கு மட்டும் அனுமதி என்றார். சொல்லிக் கொடுப்பதைக் கப்பென்று பிடித்துக்கொள்வாள், வாயும் ஓயாது. அவளை எல்லோரையும்விட ஒரு பிடி கூடவே ரூபிக்குப் பிடித்திருந்தது.

அவள்தான் இரண்டு வகுப்பு வரவில்லை. திரும்பி வந்ததிலிருந்து கேமரா இருட்டு. பெயரைக் கூப்பிட்டால் அடித்தொண்டையில் ஒரு 'பிரெசென்தே' வரும். வேறு எதைக் கேட்டாலும் பதில் இல்லை. கிராமத்துச் சிக்னல் அப்படித்தான் என்று ரூபியும் விட்டுப் பிடித்தார். இன்றைக்கு அந்தப் பக்கம் ஆடு கத்துவதும் யாரோ இருமுவதும் கணீரென்று கேட்டது. சிக்னலில் ஒரு கோளாறும் இல்லை, 'பிரெசென்தே' சொன்ன குரல்தான் அவளுடையது இல்லை.

மற்றவர்களை அனுப்பிவிட்டு, அந்த இருட்டுக் கட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"யாரு நீ? அவ ஃப்ரெண்டா?"

ரூபிக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, மதுரைக்குப் போய்விட்டாள், வருகை குறையாமலிருக்க இங்கே ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறாள், எனக்கென்ன காது குத்துகிறீர்களா என்று பொரிந்து தள்ளினார். அம்புட்டுக் கெட்டிக்காரிக்கு இந்தத் திருட்டுப் புத்தி எதற்கு என்றார். மரியாதையாக முகத்தைக் காட்டச் சொன்னார்.

சற்று நேரம் கழித்துத் திரையில் வெளிச்சம் வந்தது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். தலை வாரவில்லை. போனைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்திருந்ததில் பாதி முகம்தான் தெரிந்தது. பின்னால் கட்டிலில் ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"நான் அவ அம்மா டீச்சர். மகேஸ்வரி."

பெற்ற தாயே ஆள்மாறாட்டத்துக்கு உடந்தையா! ரூபிக்கு அருவருப்பாகக்கூட இருந்தது. இப்படிப் பிள்ளை வளர்த்தால் விளங்குமா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

மகேஸ்வரி எதற்கும் மறுத்துப் பேசவில்லை. மகள் பாடம் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டியதில் அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் நின்றது, வேறு ஒன்றும் தெரியாது என்றார். சான்றிதழ் வேண்டாம், எதுவுமே வேண்டாம் என்றார்.

"பேரை மட்டும் எடுத்துறாதீங்க டீச்சர்."

"சர்டிபிகேட் வேணாம்னா எதுக்கு இந்த வேஷம்? தமிழ்நிலாவைக் கூப்பிடுங்க. அவளே வந்து பேசட்டும்."

பெயரைக் கேட்டதும் கட்டிலில் இருந்தவர் விருட்டென்று எழுந்து வெளியே போனார். அவளைக் கூப்பிடத்தான் போகிறார் என்று ரூபி காத்திருந்தார். யாரும் வரவில்லை. ரூபிக்குப் பொறுமை போய்விட்டது. பெயரை நீக்கிவிட்டு மறுவேலை பார்க்கலாம் என்று மவுஸில் கை வைத்தார்.

மகேஸ்வரி போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"அவங்க அப்பா அந்தப் பேரைக் கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு டீச்சர். அவளப் பஸ்ஸு அடிச்சுப் போட்ட அன்னைக்கே ஊரு சனம் 'பாடிய எப்ப எடுக்குறீக'ன்னுதான் கேட்டுச்சு. காரியம் முடிஞ்சதும் 'அந்தப் புள்ள'ன்னு ஆயிருச்சு. ஒரு நா கிளாஸ் நேரத்துக்கு அவ போனு அடிச்சுச்சு, எடுத்து அமுக்குனேன், நீங்க பேசுனீங்க. இப்ப எம்மகளப் பேரு சொல்லிக் கூப்புடுறது இந்த ஒலகத்துல நீங்க ஒருத்தருதான்."