டெல்மர் ஹாகனுக்குக் கல் இல்லை

பெற்ற அப்பாவுக்கு ஒரு கல் நட மனசில்லாதவளை என்னவென்று சொல்வது? நினைக்க நினைக்க மார்லிஸுக்கு ஆத்திரமாக வந்தது.

மணி இரண்டு. நாலு மணிக்குள் வரைபடம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

சனிக்கிழமை மார்லிஸ் ஏற்பாடு செய்திருக்கும் கல்லறை உலா; அதற்கான வரைபடம்தான் அது. ஒரு காலத்தில் கவுண்டியை, அதாவது அந்த மாவட்டத்தை, ஆண்டவர்களின் கல்லறை ஒவ்வொன்றின் முன்னாலும் ஊர்க்காரர் ஒருவர் வேஷம் கட்டி நின்று, "நான்தான் நீதிபதி இன்னார்" என்று கதை சொல்வார். இரண்டு நீதிபதிகள், நாலு மேயர்கள், மூன்று தேர்தலில் தோற்றும் சர்ச் வாசலை விட உயரமாகக் கல் வைத்துக்கொண்ட ஒருவர் உட்படப் பதினோரு பேர் தயார்.

பன்னிரண்டாவது ஆள் டெல்மர் ஹாகன். முப்பது வருஷம் கவுண்டி நிர்வாக வாரியத்தில் இருந்தவர். டெல்மராக வேஷம் கட்டச் சம்மதித்த பல் டாக்டர் ஒரு மாதமாக மீசை வளர்த்துக்கொண்டிருந்தார். மீசை வந்துவிட்டது. கல்லறையைத்தான் காணோம்.

ஆறு இடுகாடுகளின் பதிவேட்டையும் மார்லிஸ் புரட்டிவிட்டாள். அடக்கம் செய்தவரைக் கேட்டால், "மகளைக் கேளு" என்று போனை வைத்துவிட்டார். மகள் ஆர்டித் மூன்று தடவை கேட்டும், "இருக்க வேண்டிய இடத்துல இருக்கார்" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அப்பா வீட்டை விற்று முழுங்கியவளுக்கு ஒரு கல் வைக்கக் கசக்கிறதா என்று ஊரே பேசியது.

மார்லிஸுக்கு இது உலாவோடு போகிற விஷயம் இல்லை. இந்தக் கவுண்டிக்கு ஆம்புலன்ஸ் வேண்டும் என்று வாரியம் முழுவதையும் எதிர்த்து நின்று வாங்கிக் கொடுத்தவர் டெல்மர். அந்த வண்டி வந்திராவிட்டால் அவள் புருஷன் இன்று உயிரோடு இல்லை. அப்படிப்பட்ட மனுஷன் பெயரில்லாமல் கிடப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

நேரிலேயே கேட்டுவிடலாம் என்று காரை எடுத்தாள்.

ஆர்டித் வீட்டு வாசலில் பிக்கப் வண்டி நின்றது. போர்வை சுற்றிய சின்னக் கல் ஒன்றைப் பின்னால் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள் ஆர்டித். எழுபத்திரண்டு வயதுக்கு நல்ல கைப்பலம்.

மார்லிஸுக்கு அப்பாடா என்றிருந்தது. நச்சரித்தது வீண்போகவில்லை.

"வர்றதுன்னா ஏறும்மா. மழைக்கு முன்ன நட்டுடணும்."

வழியெல்லாம் மார்லிஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வண்டி லூத்தரன் சர்ச் இடுகாட்டைத் தாண்டியது. மேட்டு இடுகாட்டையும் தாண்டியது. சோளக் கொல்லைகளுக்கு நடுவே சரளைப் பாதையில் இறங்கி, பழைய கவுண்டிப் பண்ணைக்குப் பின்னால் நின்றது. நாதியற்றவர்களை வைத்துச் சோறு போட்ட பண்ணை அது. மூடி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பண்ணையில் செத்தவர்களைப் புதைத்த இடம்; வேலிக்குள் வரிசை வரிசையாகச் சிமெண்டுக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர், அவ்வளவுதான். இடையிடையே பெயர் பொறித்த சின்னக் கற்கள்.

131 என்றிருந்த கட்டையைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆர்டித் கல்லை இறக்கினாள். மார்லிஸ் குனிந்து படித்தாள். லேனா ஃபோல்க், 1922.

"யாரு இது?"

"தெரியாது. துணி துவைச்சுப் பிழைச்சவளாம்."

மார்லிஸுக்குப் பொறுமை போய்விட்டது.

"முன்னப்பின்ன தெரியாதவளுக்குக் கல் நடறீங்க. பெத்தவருக்கு நட மட்டும் மனசு வரலையா? உங்களுக்கு வெக்கமாவே இல்லையா?"

ஆர்டித் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, மண்வெட்டியில் சாய்ந்தபடி சொன்னாள்.

முன்பு இங்கே பெயர் எழுதிய மரச் சிலுவைகள் இருந்தன. அவை உளுத்துப் போனதும், மாற்றுவதைப் பற்றி வாரியத்தில் பேச்சு வந்தது. பெயர் எதற்கு, நம்பர் போதும், யார் தேடி வரப்போகிறார்கள் என்று ஒரு இளம் உறுப்பினர் எழுந்து சொன்னார். எல்லோரும் கை தூக்கினார்கள். பெயர்கள் இருந்த பதிவேடு அடுத்த வெள்ளத்தில் ஊறிப் போயிற்று.

"அந்த இளம் உறுப்பினர் எங்கப்பாதான்."



அப்பாவுக்கு எண்பது வயதானபோது, கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு கிழவி தன் அம்மாவைத் தேடி வந்தாளாம். சாயங்காலம் வரை இரண்டு பேரும் இந்த வேலிக்குள் நடந்தார்கள். எந்தக் கட்டை அவள் அம்மா என்று அவரால் காட்ட முடியவில்லை. கொண்டுவந்த பூவை வேலி ஓரமாக வைத்துவிட்டுக் கிழவி போய்விட்டாள்.

மறுநாளே அப்பாவும் மகளும் சர்ச் பதிவுகளையும் பழைய செய்தித்தாள்களையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். செத்த தேதி வரிசையில்தான் நம்பர். அதை வைத்து ஒவ்வொரு பெயராகப் பிடித்தார்கள். வீடு விற்ற பணமெல்லாம் கல்லாக இங்கேதான் நிற்கிறது.

மார்லிஸின் போன் அடித்தது. அச்சகம். அவள் எடுக்கவில்லை.

"அப்ப உங்கப்பா எங்கே?"

ஆர்டித் மண்வெட்டியால் காட்டினாள். கடைசி வரிசையில் கடைசிக் கட்டை. 212.

"நான் எவ்வளவோ கெஞ்சினேன், ஒரு கல் வெச்சுடறேன்பான்னு. கேக்கல. 'எனக்கு முன்னால இருக்கிறவங்க பேரெல்லாம் வந்த பிறகு என் பேரைப் போடு'ன்னுட்டார். இன்னும் எண்பது பேர் இருக்காங்க, மார்லிஸ்."