கடைசி இரண்டு கிலோமீட்டர்

ஒஹ்ரிட் கோட்டை மதிலின் மேல், மாலை வெயிலில் கலியோபா நிற்கிறாள். கோபுரத்துக் கொடி காற்றில் படபடக்கிறது. கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரிந்து ஏரிக்கரையில் முடிகின்றன. அதற்கப்பால் தென்கோடியில் இருக்கும் மடம்வரை முப்பது கிலோமீட்டருக்கு நீலத் தண்ணீர். நாளை விடியலில் அந்த மடத்துத் துறையில் இறங்கி, இந்த ஊர்வரை நீந்தப்போகிறாள். போன ஆண்டும் நீந்தினாள். கரைக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது தோள் மரத்துப்போய்விட்டது. துணைக்குப் படகோட்டி வந்த தம்பி நௌமே அவளைத் தூக்கிப் படகில் போட்டான். இப்போது அவன்தான் மூச்சிரைக்க இரும்புப் படியேறி வந்து, எள் தூவிய வளைய ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டுகிறான்.

"இந்த வருஷம் வேணாம்க்கா. நாப்பத்திரண்டு வயசாச்சு உனக்கு."

"என்னை எந்த எடத்துலடா தூக்கினே? காட்டு."

"அதோ, ஒரு வெள்ளைப் படகு நிக்குதே, அங்க."

அவள் கண்ணை இடுக்கிப் பார்க்கிறாள். கட்டைவிரலை நீட்டி, படகுக்கும் இந்த ஊர்க் கரைக்கும் நடுவே இருக்கும் தண்ணீரை மறைக்கிறாள். முழுவதும் மறைந்துவிடுகிறது. தண்ணீருக்குள் கிடந்தபோது முடிவே இல்லாமல் தெரிந்த தூரம் அது. சத்தமாகச் சிரித்துவிடுகிறாள்.

"இவ்வளவுதானா! நாளைக்கு வேகமா துடுப்புப் போடு, நௌமே. இல்லேன்னா கரையில நான்தான் உனக்காகக் காத்துக்கிட்டு நிக்கணும்."