ரோல் நம்பர் முப்பத்தொன்று

“இந்தப் பச்சப் புள்ளையோட படிப்பக் கெடுக்க உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?”

கல்லூரி அலுவலகத்தில் கிளார்க் சகாயம் போட்ட சத்தத்தில், வராந்தாவில் குடையை உதறிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மேசைக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் நின்றிருந்தார்கள். மகள் அழுது அழுது மூக்கு சிவந்திருந்தாள். தாய்க்கு அழக்கூடத் தெம்பில்லை.

எப்படி இருக்கும்? படிப்பை நிறுத்திவிட்டு அரசாங்க உதவித்தொகையைத் திருப்பிக் கட்டுவதற்கு, ஏலப்பாறைக்கு மேலே இருக்கிற எஸ்டேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி இது மூன்றாவது நடை. முதல் தடவை பழைய கிளார்க் மாற்றலாகிப் போயிருந்தார். இரண்டாம் தடவை சகாயம் வந்துவிட்டார், ஆனால் சர்வர் வரவில்லை. கொடுப்பதற்குத்தான் தாமதம் என்றால், திருப்பி வாங்கிக்கொள்வதற்கும் இந்தப் பாடு.

இன்றைக்கு இரண்டும் இருந்தன. சகாயம் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

“பேரு?”

“மாரீஸ்வரி. பி.ஏ. ஹிஸ்டரி, ரெண்டாம் வருஷம். ரோல் நம்பர் முப்பத்தொன்னு.” தாய் எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் கடகடவென்று ஒப்பித்தாள்.

“மாரீஸ்வரியா! இந்தக் காலத்துப் புள்ளைக்கு யாரு இப்படிப் பேரு வச்சது?” என்று சகாயம் மகளைப் பார்த்தார்.

மகள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். தாய் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பேச்சு வளர்ந்தால் மூன்றரை மணி பஸ் போய்விடும்.

“இந்த வருஷம் வாங்கின கிராண்ட் எட்டாயிரத்து நானூறு. நடுவுல விட்டுட்டுப் போனா அம்புட்டையும் திருப்பிக் கட்டணும். கட்டினாத்தான் டி.சி.யும் பத்தாங்கிளாஸ் சர்ட்டிபிகேட்டும் கைக்கு வரும்.”

“அஞ்சு மாசம் வகுப்புக்கு வந்திருக்கு சாரே. ஒரு நாள் லீவு கிடையாது. அதையாச்சும் கழிச்சுக்க மாட்டாங்களா?”

“வந்ததுக்கெல்லாம் கழிவு கிடையாதும்மா. ரூல் அப்படி. நானா எழுதினேன்?”

தாய் ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து பணத்தை எடுத்து மேசையில் வைத்தாள். குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் வாங்கிய கடன் அது. கிராண்ட் பணம் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்குமாக எப்போதோ கரைந்து போயிருந்தது.

“அப்படி என்ன தலபோற அவசரம்? கல்யாணமா?” சகாயம் விடுவதாக இல்லை.

“இல்ல சாரே. இவ அப்பாவுக்கு முதுகெலும்பு தேஞ்சு போச்சு. எஸ்டேட்டுல பேரை வெட்டிட்டாங்க. நாளைக்குக் காலையில குடும்பத்துல இன்னொரு ஆளு பேர் குடுக்கலைன்னா பாடியக் காலி பண்ணச் சொல்லியாச்சு. பேர் குடுக்க வயசுக்கு ஒரிஜினல் கேக்குறாங்க. அது இங்கதான் இருக்கு.”

பாடி என்றால் எஸ்டேட் கொடுத்த வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி. தேயிலைக் கொழுந்து கிள்ள வீட்டில் ஓர் ஆள் இருக்கிறவரைதான் அதுவும். இதைச் சகாயத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அதனால்தான் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

“நானும் பள்ளிவாசல் எஸ்டேட்டுப் பாடியில பொறந்தவன்தாம்மா. எங்கம்மா மழையிலயும் அட்டைக்கடியிலயும் கொழுந்து கிள்ளித்தான் என்னை இந்த நாற்காலியில உக்கார வச்சா. அந்தப் பேரை நீங்க குடுத்துட்டு, புள்ளையப் படிக்க விட்டா என்ன? உங்களுக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு?”

தாய் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் ஜன்னல் பக்கம் போனார்.

“இன்னொரு தடவ யோசிம்மா,” என்றாள் மகள், கெஞ்சலாக. “உனக்கு இது எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியும்ல.”

“யோசிச்சாச்சு. மூக்கத் துடை.”

சகாயம் திரும்பி வந்து பணத்தை எண்ணினார். இரண்டு பத்து ரூபாய் நோட்டுகள் கிழிந்திருந்தன, அவற்றையும் வாங்கிக்கொண்டார். ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டு, பீரோவைத் திறந்து சர்ட்டிபிகேட்டைத் தேடி எடுத்தார்.

“இந்தா மாரீஸ்வரி, பத்திரமா வச்சுக்க. என்னைக்காவது திரும்பப் படிக்கணும்னு தோணினா என்கிட்ட வா, நானே அப்ளிகேஷன் பூர்த்தி பண்ணித் தாரேன்,” என்று மகளிடம் நீட்டினார்.

நீட்டும்போதுதான் பிறந்த தேதி கண்ணில் பட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“என்னம்மா இது, பொறந்த வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தஞ்சுன்னு அடிச்சிருக்கான்? இந்தத் தப்போட கொண்டு போனீங்கன்னா எஸ்டேட்டுல வாசலோட திருப்பி அனுப்பிருவாங்களே!”

மகள் கையை நீட்டவில்லை. தாய்தான் சர்ட்டிபிகேட்டை வாங்கி ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தாள்.

“தப்பில்ல சாரே, மாரீஸ்வரி நான்தான். இவ நர்ஸிங் முடிக்கட்டும்.”