அறுநூறு வாட் மாப்பிள்ளை

நெல் கொள்முதல் நிலையத்துச் சாலையில் மாப்பிள்ளை செழியனின் கார் நிற்கிறது. இடப்பக்கம் மதகுச் சுவர், வலப்பக்கம் அறுவடை இயந்திரம், முன்னும் பின்னும் நெல் ஏற்றிய டிராக்டர்கள். இயந்திரத்தின் டிரைவர் சாவியோடு டீ குடிக்கப் போயிருக்கிறார். கதவைத் திறந்தால் கை வெளியே போகும், மாப்பிள்ளை போக மாட்டான். பாட்டு சிதறக் கூடாதென்று ஏற்றிவிட்ட கண்ணாடிகளை இறக்கவும் வழியில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டுப் போட்டதில் பேட்டரி செத்துக் கிடக்கிறது. பின்சீட்டு முழுக்க ஸ்பீக்கர் பெட்டி. செழியனின் பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. ஸ்டியரிங் முன்னால் அவன் நண்பன் பரணிதரன், மின்னியல் இறுதியாண்டு, செல்போனில் கணக்கைச் சரிபார்க்கிறான். “அறுநூறு வாட், பன்னெண்டு வோல்ட். அம்பது ஆம்பியர். முக்கா மணி நேரமாவது தாங்கணும் மாப்ள.” “தாங்கலையே.” “ஆம்ப்ளிஃபயர் இழுக்கிற கரண்ட்ல பாதிதான் பாட்டாகும். மீதி சூடாப் போயிடும். அதைக் கணக்குல சேர்க்க விட்டுட்டேன்.” “அந்த மீதியிலதான்டா நான் வெந்துக்கிட்டிருக்கேன்.”

மண்டபத்து நாயனம் வயலைத் தாண்டி மெலிதாகக் கேட்கிறது. முகூர்த்தம் முடிய அரை மணிகூட இல்லை. பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டி, டிராக்டர் மேல் ஏறி, காரின் பானட்டில் இறங்கி மண்டியிடுகிறார். கையில் செங்கல். “மாப்ள, மூஞ்சியத் திருப்பிக்கங்க. கண்ணாடிய உடைக்கப் போறேன்.” செழியன் கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். பரணிதரன் அவன் தோளிலிருந்து பட்டு அங்கவஸ்திரத்தை உருவி, ஒருமுறை உதறி, காலடியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் மேல் பதமாகப் போர்த்துகிறான்.